பிங்கியோட மூக்கு எப்போ கருப்பாகும்?

கேள்வி:

டாக்டரம்மா வணக்கம். நான் வியாசர்பாடில இருந்து எழுதுறேன், மின்ட் பக்கம் துணிக்கடைல வேலை. மூணு வாரம் முன்னாடி ஒரு லேப்ரடார் (லேப்) நாய்க்குட்டி வாங்கினேன், பொட்டை, க்ரீம் கலர், இன்னிக்கு 52 நாள் ஆகுது. வாங்கும்போது மூக்கு முழுசா ரோஸ் கலர்ல இருந்துச்சு, பத்து நாள்ல கருத்துடும்னு வித்தவர் சொன்னார். இப்போ அங்கங்க ஏழெட்டு கருப்பு புள்ளி வந்திருக்கு, மத்தபடி ரோஸ் அப்படியே இருக்கு. கண்ண சுத்தி மட்டும் மை தீட்டின மாதிரி நல்ல கருப்பு, உதடு பாதி கருப்பு. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து வாயத் தொறந்து அண்ணத்த பாத்துட்டு, இது ஒரிஜினல் இல்ல, கிராஸு, உன்ன நல்லா ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிட்டு போயிட்டார். வித்தவருக்கு போன் பண்ணா கடல்பாசி பவுடர் ஒரு டப்பா 1,200 ரூபா, கூட கால்சியம் சிரப், ரெண்டும் குடுத்தா மூக்கு கருத்துடும்ங்கிறார். என் மாமியார் தினம் அது மூக்குல கண்மை வெச்சு விடுறாங்க. எண்ணூர்ல என் மச்சான் ராஜபாளையம் ஆண் குட்டி வெச்சிருக்கான், மூணு மாசம், அதுக்கும் மூக்கு ரோஸ்தான், அவன் அதே பவுடர ஒரு மாசமா குடுக்குறான், ஒண்ணும் மாறல. இதுக்கு காசு குடுக்குறதுக்கு பதிலா கரைல ஒதுங்குற பாசியவே காய வெச்சு அரைச்சு குடுத்தா என்னன்னு கேக்குறான். காலைல வெயில்ல கட்டிப் போட்டா கருக்கும்னும் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்? குட்டி பேர் பிங்கி. என் பொண்ணு மூக்க பாத்துதான் அந்த பேர வெச்சா.

பதில்:

தம்பி, மொதல்ல அந்த பவுடர் டப்பாவ வாங்காதீங்க. வாங்கிட்டீங்கன்னா தொறக்காம திருப்பி குடுங்க. மச்சான்கிட்டயும் இன்னியோட நிறுத்த சொல்லுங்க. மீதிய பொறுமையா பேசலாம், ஏன்னா உங்க வீட்டு மூக்கு வேற கதை, உங்க மச்சான் வீட்டு மூக்கு வேற கதை, ரெண்டுக்கும் ஒரே டப்பாவ நீட்டினவருக்கு ரெண்டுமே தெரியலன்னு அர்த்தம்.

இந்த கருப்பு எங்க இருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடுறேன், அது புரிஞ்சிட்டா மீதி எல்லாம் தானா புரியும். மூக்குக்கு கருப்பு குடுக்குறது மெலனின்னு ஒரு சாயம், அத தயாரிக்கிற செல்லுங்க குட்டி வயித்துல இருக்கும்போதே முதுகெலும்பு ஓரத்துல பொறந்து, அங்க இருந்து தோலுக்குள்ள நடந்து நடந்து உடம்பு பூரா பரவுது, முதுகுல கிளம்பினதுனால முதுகுக்கு சீக்கிரம் போய் சேரும், கடைசியா போய் சேர்ற இடங்க எதுன்னா மூக்கு நுனி, நெஞ்சு, பாதம், வால் நுனி. நம்ம தெரு நாய்ங்கள பாருங்க, உடம்பு பூரா கருப்பா இருக்கும், நெஞ்சுல ஒரு வெள்ளை, நாலு காலுக்கும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை, வால் நுனில ஒரு குஞ்சம் வெள்ளை, எல்லாம் இந்த கணக்குதான், செல் அங்க வரைக்கும் வந்து சேரல. இத பெயிண்டர்னு வெச்சுக்கோங்க. பெயிண்டர் வந்துட்டார், ஆனா மெதுவா அடிக்கிறார்னா சுவர் என்னிக்காவது முடிஞ்சிடும். பெயிண்டரே வரலன்னா நீங்க வாசல்ல எத்தன டப்பா வாங்கி அடுக்கினாலும் சுவர் அப்படியேதான் நிக்கும்.

இப்போ உங்க பிங்கிக்கு வருவோம். நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. கண்ண சுத்தி கருப்பு, உதடு பாதி கருப்பு, மூக்குல புள்ளி. பெயிண்டர் வந்தாச்சு தம்பி. நான் குட்டிய பாக்கும்போது மூக்க விட மொதல்ல கண் ஓரத்ததான் பாப்பேன், அங்க கருப்பு நல்லா விழுந்திருந்தா மூக்கும் பின்னாடியே வரும்னு பெரும்பாலும் தைரியமா சொல்லலாம். புள்ளி புள்ளியா ஆரம்பிச்சு, பக்கத்து புள்ளியோட சேர்ந்து, தீவு தீவா ஆகி, கடைசில நடுவுல ஒரு ரோஸ் கோடு மட்டும் நிக்கும், அதுவும் ஒரு நாள் மூடிடும். நெறைய குட்டிங்களுக்கு ரெண்டுல இருந்து நாலு மாசத்துக்குள்ள இது முடிஞ்சிடும், சிலதுக்கு ஒரு வருஷம் வரைக்கும் இழுக்கும், உடம்புல வெள்ளை திட்டு நெறைய இருக்குற டால்மேஷன், ஹார்லிக்வின் கிரேட் டேன் மாதிரி ஜாதிங்க இன்னும் மெதுவு. சில நாய்க்கு கடைசி வரைக்கும் ஒரு ரோஸ் திட்டு நின்னுடும், அதுக்கு பட்டர்ஃப்ளை மூக்குன்னே பேர் வெச்சிருக்காங்க, அது சீக்கு இல்ல, அழகுதான்னு நான் சொல்வேன். 52 நாள்ல உங்களுக்கு என்ன அவசரம்? பத்து நாள்ல கருக்கும்னு அவர் சொன்னத நம்புனதுதான் தப்பு.

சொல்லப்போனா அவர் மேல எனக்கு வேற கோவம் இருக்கு. மூணு வாரம் முன்னாடின்னா குட்டிக்கு 31 நாள். அந்த வயசுல தாய்கிட்ட இருந்து பிரிக்கவே கூடாது. 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017 நாய் வளர்ப்பு விற்பனை விதியிலயே இருக்கு, ஆனா இங்க யார் பாக்குறா. அம்மா, கூடப் பொறந்ததுங்களோட கடிச்சு விளையாடிதான் குட்டி எவ்வளவு பலமா கடிக்கலாம்னு கத்துக்கும். பிங்கி இப்போ உங்க பொண்ணு கைய கண்டபடி கடிக்குதுன்னா காரணம் இதுதான், அடிக்காதீங்க, கடிச்ச உடனே விளையாட்ட நிறுத்திட்டு திரும்பி உக்காருங்க, ரெண்டு வாரத்துல புரிஞ்சுக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் விஷயம். நம்ம ஏரியால ஆளுக்கு ஒரு டெஸ்ட் வெச்சிருக்காங்க, அண்ணம் கருப்பா இருந்தா ஜாதி நாய், நகம் எண்ணிக்கை இத்தனை இருந்தா வீட்டுக்கு ராசி, காது நுனி கிள்ளினா கத்தாம இருந்தா வீரமான நாய்னு. பெரம்பூர்ல கிளினிக் போட்டு இத்தன வருஷம் ஆச்சு, ஒரு நாயும் இந்த டெஸ்ட்ல எனக்கு ஒண்ணும் சொன்னதில்ல. அண்ணம் கருப்புங்கிறதும் அதே மெலனின்தான், வேற ரகசியம் எதுவும் இல்ல, நல்ல லேப்க்கு ரோஸ் அண்ணம் இருக்கும், நம்ம தெரு நாய்க்கு கன்னங்கரேல்னு இருக்கும். ரோஸ் மூக்கு வெச்சு கிராஸ்னு சொல்ல முடியாது. சுத்தமான லேப்லயே ரோஸ் மூக்கு வர ஒரு வழி இருக்கு, அது ஜீன் விஷயம். சாக்லேட் கலர் ஜீன் அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு மறைஞ்சு இருக்கும், ரெண்டு பேர் மூக்கும் பளபளன்னு கருப்பா இருக்கும், ரெண்டும் ஒரு க்ரீம் குட்டில வந்து சேர்ந்துச்சுன்னா அந்த குட்டிக்கு கருப்பு சாயமே செய்ய வராது, ப்ரவுன் மட்டும்தான் வரும், மூக்கு ஈரல் கலர்லயோ வெளிறின ரோஸாவோ நின்னுடும். லேப் வளர்க்குறவங்க இத டட்லி மூக்குன்னு சொல்வாங்க. அந்த குட்டிக்கு கண் ஓரமும் ப்ரவுனாதான் இருக்கும், கருப்பு இருக்காது. பிங்கிக்கு கண்ணு ஓரம் கருப்புன்னு நீங்களே சொல்றீங்க, அதனால அது டட்லி இல்ல. டட்லியா இருந்தாலும் அது நல்லா ஓடும், பந்து எடுத்துட்டு வரும், 12 வருஷம் வாழும், டாக் ஷோவுல மட்டும் நிக்க முடியாது, அவ்வளவுதான். நீங்க ஷோவுக்கு போற ஆசைல வாங்கலன்னு நெனைக்கிறேன். ஒரிஜினலா இல்லையான்னு தெரிஞ்சே ஆகணும்னா கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பேப்பர் இருக்கான்னு வித்தவர்கிட்ட கேளுங்க, அவங்க தலைமை ஆபீசே நம்ம சென்னைலதான் இருக்கு. பேப்பர் இல்லன்னா இல்ல, அண்ணத்த தொறந்து பாத்து பேப்பர் வராது.

அடுத்து பவுடர். கடல்பாசிய வெளிநாட்டு பிரீடர்ஸ் ரொம்ப வருஷமா மூக்குக்கு குடுத்துட்டு வர்றாங்க, குடுத்தா கருக்குதுன்னு சத்தியம் பண்ணுவாங்க, நான் ஏன் நம்ப மாட்டேன்னா அவங்க குடுக்குற வயசுலதான் குட்டிக்கு எப்படியும் கருக்கும். ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சு நாலு மாசத்துல நிறுத்துறாங்க, நடுவுல மூக்கு கருத்துடுது, பேர் பவுடருக்கு. நீங்க அதே ரெண்டு மாசம் தினம் மூக்குக்கு முன்னாடி விசில் அடிச்சாலும் கருக்கும். சும்மா பலன் இல்லாததுன்னா கூட விட்டுடலாம், இதுல ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு, கடல்பாசில அயோடின் எக்கச்சக்கம், ஒவ்வொரு பாசிக்கும் அளவு வேற வேற, ஸ்பூன் கணக்கு வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அயோடின் குறைஞ்சா மட்டுமில்ல, அதிகமானாலும் தைராய்டு மந்தமாகும், வளர்ற குட்டிக்கு தைராய்டு கெட்டா வளர்ச்சியே கெட்டுடும். கடைல விக்கிற பப்பி ஃபுட்ல தேவையான அயோடின் ஏற்கனவே போட்டிருக்காங்க. ரெண்டு, பாசி கடல்ல இருக்குற ஆர்செனிக், கன உலோகம் எல்லாத்தையும் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சு வெச்சுக்கும்.

இதுல உங்க மச்சான் ஐடியா இருக்கே, எண்ணூர் கரைல ஒதுங்குற பாசி. தம்பி, அவர் அங்கயே குடியிருக்கார், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதி கொட்டின எண்ணெய ஜனங்க வாளி வாளியா அள்ளினத பாத்திருப்பார், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் படர்ந்து மீனவங்க படகெல்லாம் கருப்பானதும் பாத்திருப்பார். அனல் மின் நிலைய சாம்பல் வேற. அந்த கரைல கெடக்குற பாசிய காய வெச்சு அரைச்சு மூணு மாச குட்டிக்கு குடுக்குறதா? படகுதான் கருக்கும், மூக்கு கருக்காது.

கால்சியம் சிரப்பும் வேணாம். இத நான் வாரத்துக்கு நாலு பேருக்கு சொல்றேன். லேப் மாதிரி பெரிய ஜாதி குட்டிங்களுக்கு சின்ன வயசுல குடல் கால்சியத்த கட்டுப்படுத்தாது, நீங்க எவ்வளவு ஊத்துறீங்களோ அவ்வளவு உள்ள போகும், எலும்பு கோணும், மூட்டு கெடும். ஏற்கனவே லேப்க்கு இடுப்பு எலும்பு தொந்தரவு ஜாதிலயே இருக்கு, அதுல நாமளும் கை வைக்கணுமா. மூக்குக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தமும் இல்ல.

அப்போ சாப்பாட்டால எதுவுமே முடியாதான்னு கேப்பீங்க. முடியும், ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. மெலனின் செய்ய மூலப்பொருள் டைரோசின்னு ஒரு அமினோ அமிலம், அது புரதத்துல இருந்து வரணும், அத சாயமா மாத்துற என்சைமுக்கு கொஞ்சம் காப்பர் வேணும். கருப்பு நாய்க்கு இந்த புரதம் பத்தலன்னா முடி செம்பட்டை அடிக்கும், வளர்றதுக்கு பத்துற அளவு புரதம் கருப்பு சாயத்துக்கு பத்தாதுங்கிறது தெரிஞ்ச விஷயம். இத ஏன் சொல்றேன்னா நம்ம பக்கம் குட்டிக்கு என்ன குடுக்குறாங்க? காலைல பால்ல பிஸ்கட், மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி பால் சாதம், ஞாயித்துக்கிழமை கறி எலும்பு. நீங்க எழுதல, ஆனா உங்க வீட்லயும் இதுதான்னு பந்தயம் கட்டுறேன். இதுல புரதம் ரொம்ப கம்மி. மூக்கு மட்டுமில்ல, முடி, எலும்பு, எதிர்ப்பு சக்தி எல்லாம் இதுல அடி வாங்கும். நல்ல பப்பி ஃபுட் வாங்க வசதி இருந்தா அத மட்டும் குடுங்க, லார்ஜ் பிரீட் பப்பின்னு போட்டிருக்குறதா பாத்து வாங்குங்க, அதுக்கு மேல எந்த பவுடரும் சிரப்பும் வேணாம். அந்த 1,200 ரூபாய அதுல போடுங்க. வீட்டு சாப்பாடுதான்னா சாதத்த பாதியா குறைச்சு, வேக வெச்ச சிக்கன், வேக வெச்ச முட்டை, காசிமேட்டுல கவளை மீன் மலிவா கிடைக்கும்போது வாங்கி உப்பு காரம் இல்லாம வேக வெச்சு முள்ள பொறுமையா எடுத்துட்டு பிசைஞ்சு போடுங்க. வீட்டு சாப்பாட்டுல எல்லா சத்தும் சரியா அமையுறது கஷ்டம், அதனால தடுப்பூசிக்கு வரும்போது என்ன எவ்வளவு குடுக்குறீங்கன்னு எழுதி எடுத்துட்டு வாங்க, பாத்து சரி பண்ணலாம். பச்சை முட்டை வெள்ளைக்கரு வேணாம், அது பயோட்டின் சத்த புடிச்சு வெச்சுக்கும். ஆட்டு ஈரல் வாரத்துல ஒரு தடவ சின்ன துண்டு போதும், காப்பர் இருக்குன்னு தினம் போடாதீங்க, லேப் ஜாதில சில நாய்க்கு காப்பர் கல்லீரல்ல சேர்ந்து சேர்ந்து பெருசான அப்புறம் ஈரலையே கெடுத்துடும், காப்பர் மாத்திரைங்கிற பேச்சே வேணாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கண்ணுல காட்டாதீங்க. பூச்சி மருந்து குடுத்தீங்களா? குடல்ல புழு இருந்தா நீங்க போடுற சாப்பாடு புழுவுக்குதான் போகும்.

சாப்பாட விட நான் முக்கியமா கேக்க நெனைக்கிறது, எந்த கிண்ணத்துல வைக்கிறீங்க? நெறைய வீட்ல ஐஸ்க்ரீம் டப்பா, இல்ல பெயிண்ட் வாளிய அறுத்து அதுல தண்ணி. மலிவான பிளாஸ்டிக், ரப்பர்ல இருக்குற சில கெமிக்கல் மெலனின் தயாரிக்கிறத தடுக்கும், நாய் தண்ணி குடிக்கும்போது மூக்கும் கீழ் உதடும் அதுல படும், நல்லா கருப்பா இருந்த மூக்கே வெளுத்து உதடு ரோஸான நாய்ங்கள நான் பாத்திருக்கேன். எல்லா நாய்க்கும் ஆகாது, சிலதுக்கு ஆகும். கீறல் விழுந்த பிளாஸ்டிக்ல கிருமியும் ஒட்டிக்கும். ஒரு எவர்சில்வர் கிண்ணம் எடுத்து வையுங்க, வீட்ல சீர் வந்ததுல எப்படியும் நாலு பரண்ல தூங்கும். மூக்குக்காக நீங்க கையால பண்ணக்கூடிய ஒரே உருப்படியான வேலை இதுதான்னு கூட சொல்வேன். அதோட, குட்டிய கம்பி கேட் பக்கமோ கூண்டுலயோ அடைச்சு வெச்சா கம்பி நடுவுல மூக்க விட்டு தேய்க்கும், தோல் உரிஞ்ச இடம் ரோஸா தெரியும், காயம் ஆறினா கருப்பு திரும்பிடும். தரைய பினாயில், ப்ளீச்சிங் பவுடர் போட்டு கழுவினா நல்லா அலசி காஞ்ச அப்புறம் குட்டிய விடுங்க, அதுக்கு தரைதான் நியூஸ் பேப்பர், நாள் பூரா மூக்க வெச்சு படிச்சிட்டு இருக்கும்.

மாமியார் மை. அம்மாவுக்கு ஆசை, குழந்தைக்கு வைக்கிற மாதிரி வெச்சு பாக்குறாங்க, கோச்சுக்காதீங்க. வெளக்கெண்ணெய் விளக்குல கரி புடிச்சு வீட்ல செஞ்ச மைன்னா விஷம் இல்ல, ஒரே நக்கு, போயிடும், அம்மா திரும்ப வைப்பாங்க, அது திரும்ப நக்கும். ஆனா கடைல வாங்கின மைன்னா நிறுத்த சொல்லுங்க, சில மைல, சுர்மாவுல ஈயம் இருக்கு, குட்டி தினம் தினம் நக்கி முழுங்குது. இத விட மோசமானதெல்லாம் நான் பாத்திருக்கேன். ஒருத்தர் தலைக்கு அடிக்கிற கருப்பு டைய மூக்குல தடவி, மறுநாள் குட்டி மூஞ்சி பன் மாதிரி வீங்கி தூக்கிட்டு வந்தார், அந்த டைல இருக்குற கெமிக்கல் மனுஷங்களுக்கே அலர்ஜி ஆகுறது. இன்னொரு அம்மா, சந்தைல கன்னங்கருப்பு மூக்குன்னு கூட காசு குடுத்து வாங்கிட்டு வந்த குட்டி, கொருக்குப்பேட்டை வர்றதுக்குள்ள மழை புடிச்சுகிச்சு, வீட்டுக்கு வந்து பாத்தா மூக்கு ரோஸ், அவங்க வெள்ளை புடவை கருப்பு. ஷூ பாலிஷ்.

வெயில் விஷயத்துல பாதி உண்மை இருக்கு. செல் ஏற்கனவே இருக்குற இடத்துல வெளிச்சம் பட்டா கொஞ்சம் கருக்கும், நமக்கு கை கருக்குற மாதிரி. ஆனா விட்டமின் டிக்காகன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நாய்க்கு தோல் வழியா வெயில்ல இருந்து விட்டமின் டி தேவையான அளவு செய்ய வராது, அதுக்கு சாப்பாட்டுல இருந்துதான் வரணும். காலைல ஏழு மணிக்குள்ள வாசல்ல பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடி விளையாட விடுங்க, அது குட்டிக்கு சந்தோஷம், உங்க பொண்ணுக்கும் சந்தோஷம். கட்டிப் போடுறதுங்கிற பேச்சு வேணாம். நம்ம ஊர் வெயில்ல, அதுவும் வியாசர்பாடி சிமெண்ட் மாடில, குட்டிய அரை மணி நேரம் கட்டினா மூக்கு கருக்கறதுக்கு முன்னாடி உயிர் போயிடும். நான் பயமுறுத்தல, ஒவ்வொரு கத்திரி வெயிலுக்கும் இப்படி கேஸ் வருது.

இப்போ மச்சான் குட்டிக்கு வரேன், இத நீங்க அவர்கிட்ட படிச்சே காட்டுங்க. ராஜபாளையத்துக்கு ரோஸ் மூக்கு குறை இல்ல, அதான் அந்த ஜாதியோட அடையாளம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, அததான் காலங்காலமா தேடி தேடி வளர்த்திருக்காங்க. 2005ல இந்திய நாய் ஜாதிங்களுக்கு தபால் தலை விட்டாங்க, நாலுல ஒண்ணு ராஜபாளையம். நல்ல ராஜபாளையத்த வாங்கி வெச்சுகிட்டு மூக்க கருப்பாக்க பவுடர் போடுறது, பட்டு புடவைய வாங்கி வந்து சாயத்துல முக்குற மாதிரி. அங்க பெயிண்டரே வரல, வரவும் மாட்டார். ஒரு மாசம் இல்ல, ஒரு வருஷம் குடுத்தாலும் மாறாது, தைராய்டுதான் போகும். ஒரு மாசம் ஏற்கனவே குடுத்ததுனால குட்டி மந்தமா இருக்கா, எடை ஏறுதான்னு ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

அவர் கவலைப்பட வேண்டியது மூக்க பத்தி இல்ல, காத பத்தி. அதே சாய செல்லுங்க உள்காதுலயும் இருக்கணும், அங்க அதுங்க இல்லன்னா ஒலிய புடிக்கிற நரம்பு செல்லுங்க பொறந்த சில வாரத்துலயே செத்துடும், அப்புறம் திரும்ப வராது. அதனாலதான் முழு வெள்ளை நாய்ங்கள்ல, ராஜபாளையம், டால்மேஷன் மாதிரி ஜாதில, காது கேக்காத குட்டிங்க பொறக்குது. வீட்லயே ஒரு அளவுக்கு பாக்கலாம். குட்டி தூங்கும்போது பின்னாடி நின்னு சாவிக்கொத்த குலுக்குங்க, இல்ல விசில் அடிங்க, காது அசையுதா, முழிக்குதான்னு பாருங்க. தட்டு தட்டாதீங்க, கால தரைல உதைக்காதீங்க, அதிர்வுல முழிச்சுட்டு கேட்ட மாதிரி நம்மள ஏமாத்தும். காத்து அடிக்கிற மாதிரி பக்கத்துல போய் கைதட்டவும் கூடாது. ஒரு காது மட்டும் கேக்காத குட்டி இந்த டெஸ்ட்ல தப்பிச்சுடும், எந்தப் பக்கம் இருந்து சத்தம் வருதுன்னு தேடி தடுமாறினா சந்தேகப்படுங்க. சந்தேகம் வந்தா வேப்பேரி மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் காட்டுங்க, 1903ல ஆரம்பிச்ச காலேஜ், இந்த ஊர்ல நாய்க்கு பெரிய சந்தேகம்னா நாங்க டாக்டருங்களே அங்கதான் அனுப்புவோம். காது கேக்கலன்னா தூக்கி எறிய வேணாம், கை சைகைல அழகா பழக்கலாம், ஆனா ரோட்டுல அவுத்து விடக் கூடாது, எண்ணூர் ரோட்ல லாரி எப்படி வரும்னு அவருக்கு தெரியும்.

அப்புறம் ரோஸ் மூக்குக்கு நம்ம வெயில் ஆகாது. சாயம் இல்லாத தோல் சீக்கிரம் வெந்துடும், வருஷக்கணக்குல வெந்துகிட்டே இருந்தா அந்த இடத்துல தோல் கேன்சர் வர்ற வாய்ப்பு இருக்கு. காலை பத்துல இருந்து சாயந்திரம் நாலு வரை நிழல்ல இருக்கட்டும். நம்ம பூசுற சன்ஸ்க்ரீன் வேணாம், அதுல நெறையத்துல ஜிங்க் ஆக்சைடு இருக்கு, நாய் நக்கி நக்கி உள்ள போனா விஷம், நாய்க்குன்னே தனியா வர்றத டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. மூக்குல ஒரு பொருக்கு வந்து ஆறாம ஆறாம நின்னா காட்டிடணும்.

ரோஸ்ல பயப்பட வேண்டிய ரோஸ் எதுன்னும் சொல்லிடுறேன். பொறந்ததுல இருந்து ரோஸா இருந்தா பயம் இல்ல. நல்லா கருப்பா இருந்த மூக்கு பின்னாடி வெளுத்தா கவனிக்கணும். அதுலயும் லேப், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கிக்கு மார்கழி தை குளிருல லேசா ப்ரவுனாகி அப்புறம் திரும்புறது உண்டு, வயசாகும்போதும் வெளிறும், அத விட்டுடலாம். ஆனா மூக்கு மேல சொரசொரன்னு சின்ன சின்ன கல்லு பதிச்ச மாதிரி இருக்குமே, அந்த வடிவம் அழிஞ்சு வழுவழுன்னு ஆச்சுன்னா, சாம்பல் நிறமா மாறி பொருக்கு, வெடிப்பு, ரத்தம் வந்துச்சுன்னா அது லூப்பஸ் மாதிரி எதிர்ப்பு சக்தி சம்பந்தமான சீக்கா இருக்கலாம், வெயில் பட்டா இன்னும் ஜாஸ்தியாகும், அப்போ சாம்பிள் எடுத்து பாக்கணும். ஹஸ்கி, அகிடா நாய்க்கு மூக்கு வெளுக்குறதோட கண்ணும் செவந்துச்சுன்னா அன்னிக்கே ஓடணும், விட்டா பார்வை போயிடும். மூக்கு தடிச்சு காஞ்சு வெடிச்சு, கூடவே சளி, ஜுரம்னா டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் சீக்கு சந்தேகம். பிங்கிக்கு இது எதுவும் இல்ல. மூக்கு காஞ்சிருக்குன்னு மட்டும் பயந்து வராதீங்க, தூங்கி எழுந்தா எல்லா நாய்க்கும் காஞ்சுதான் இருக்கும்.

நீங்க ஒரு பக்கம் முழுக்க மூக்க பத்தியே எழுதினீங்க, தடுப்பூசிய பத்தி ஒரு வரி இல்ல. வித்தவர் ஊசி போட்டாச்சுன்னு வாயால சொல்லியிருந்தா அத கணக்குல எடுக்காதீங்க, ஸ்டிக்கர் ஒட்டி டாக்டர் கையெழுத்து போட்ட கார்டு இருந்தா மட்டும் எடுங்க. 52 நாள்னா முதல் ஊசி போட வேண்டிய நேரம், அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ, கடைசி ஊசி 16 வாரம் முடிஞ்ச அப்புறம் விழணும். மூணு மாசத்துல ரேபிஸ். மழைல தண்ணி நிக்கிற ஏரியா உங்களுது, எலி மூத்திரம் கலந்த தண்ணில லெப்டோங்கிற எலிக்காய்ச்சல் வரும், அதுவும் சேர்ந்த ஊசியா கேளுங்க. ஊசி முடியுற வரைக்கும் தெருவுல மத்த நாய் போன இடத்துல விடாதீங்க, பார்வோங்கிற வைரஸ் சீக்கு வந்தா ரெண்டு நாள்ல குட்டி போயிடும், அப்போ மூக்கு என்ன கலர்னு யாரும் கேக்க மாட்டாங்க.

மாசம் ஒண்ணாம் தேதி காலைல, அதே வாசல்ல, அதே வெளிச்சத்துல பிங்கி மூக்க ஒரு போட்டோ எடுத்து வையுங்க, தினம் தினம் பாத்தா மாறுறது தெரியாது, ரெண்டு போட்டோவ பக்கத்துல வெச்சா தெரியும். பேர மாத்தணுமான்னு நீங்க கேக்கல, ஆனா யாராவது கேப்பாங்க. மூணு வாரமா அந்த பேருக்கு திரும்பிப் பாக்குதுன்னா அதுதான் அதோட பேர். ஊசி கார்டுலயும் பிங்கின்னே எழுதச் சொல்லுங்க.